அப்ப, வரட்டே

முதலில் என் கண்ணில் பட்டது ஒரு கேள்விக்குறி.

குவைத்திலிருந்து என் மூத்த சகோதரி ஜெமீலா ராத்தா எழுதும் கடிதங்கள் எல்லாம் ஒரே மாதிரித்தான் முடியும்: "அப்ப, வரட்டே." எங்கள் பக்கத்தில் யாரும் வாசலில் நின்று "போறன்" என்று சொல்லமாட்டார்கள். அது நல்ல சொல் அல்ல. "வரட்டே" என்பார்கள். "போயிட்டு வாங்கோ" என்று பதில் வரும். கேட்பது போல இருந்தாலும் அது கேள்வி இல்லை. அதனால் ராத்தா அதன் பின்னால் எப்போதும் ஒரு புள்ளிதான் வைப்பார். இரண்டு வருடத்தில் ஒரேயொரு கடிதத்தில் மட்டும் புள்ளிக்கு மேலே ஒரு கொக்கி இருந்தது.

உம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. வாப்பாவுக்கு ஓதத் தெரியும், தமிழ் வாசிக்க வராது. எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட நான்தான் வரும் கடிதத்தை வாசித்துக் காட்டுவேன், பதிலும் எழுதுவேன். பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் ஏரோகிராமில் எழுதுவேன். அதனால் இரண்டு பக்கத்துக் கடிதங்களும் என்னிடம் இருக்கின்றன. நாள் வரிசையில் வைக்கிறேன்.

*

செட்டிகுளம்
12.10.1997

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் மூன்று பேரும் சுகம். உம்மாவின் நெஞ்சு வருத்தம் குளிசையோடு அடங்கி இருக்கிறது. உங்கள் சுகத்தை ஐந்து வேளையும் அல்லாஹ்விடம் கேட்கிறோம்.

வயலில் புழுதி விதைப்பு முடிந்துவிட்டது. மழையைத்தான் காணவில்லை. நேற்று வடக்குப் பக்கம் "டும்" என்று கேட்டது. வாப்பா சாரத்தை மடித்துக்கட்டிக்கொண்டு வெளியே ஓடி, "இடி! இடி!" என்றார். பக்கத்து வயல் வீரகத்தி ஐயா வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "ஓம் தம்பி, ஆமிக்காரன்ர இடி. குடையை எடுங்கோ" என்றார். உம்மாவுக்குச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

ஊருக்குத் திரும்பிய சிலாபத்து மாமியிடம் நீங்கள் கொடுத்துவிட்ட பை வந்து சேர்ந்தது. பேரீச்சம்பழத்தை நோன்புக்கு எடுத்து வைத்திருக்கிறோம். அதைச் சுற்றியிருந்த பாகிஸ்தான் அரிசிச் சாக்குத் துணியில் உம்மாவுக்குத் தலையணை உறை தைத்தேன். ஒட்டகப் படம் கன்னத்துக்கு நேரே வருகிறது.

உங்களை அனுப்பிய ஏஜென்சிக்காரர் மஸாஹிர் நானா சும்மா வந்து போனார். "சின்னவளுக்கு இப்ப எத்தினை வயசு?" என்று வாப்பாவிடம் கேட்டார். நான் குசினியை விட்டு வெளியே வரவில்லை. தேத்தண்ணீரை வாப்பாதான் வந்து எடுத்துக்கொண்டு போனார். சிரிக்காதீர்கள். எனக்குப் புது ஆட்களின் முன்னால் தொண்டை அடைத்துவிடும் என்று உங்களுக்குத் தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை
ஸுல்பா

*

குவைத்
20.11.1997

அன்புத் தங்கை ஸுல்பாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. உம்மாவிடம் குளிசையை நாள் தவறாமல் போடச் சொல்.

இங்கே ஒரு புதினம். போன கிழமை மழை பெய்தது. பாலைவனத்தில் மழை! ஒரே நாளில் வீதியெல்லாம் வெள்ளம், கார்கள் மிதந்தன. எனக்கு நம் குளம் நிரம்பி வான் பாய்வதைப் பார்ப்பது போல இருந்தது. ஆனால் பின்னேரமே பெரிய பெரிய லொறிகள் வந்தன. யானைத் துதிக்கை மாதிரிக் குழாய்களைப் போட்டு வெள்ளத்தை உறிஞ்சிக்கொண்டு போய்விட்டன. அடுத்த நாள் காலை பார்த்தால் வீதியில் ஒரு சொட்டு இல்லை. மேடம் கடைக்குப் போய் வந்தார்.

என் அறை மொட்டை மாடியில் இருக்கிறது என்று எழுதினேன் அல்லவா? இந்த வீட்டில் ஏசிகள் பதினொன்று. அவற்றின் முதுகுப் பெட்டிகள் எல்லாம் என் யன்னலைச் சுற்றித்தான். வீட்டுக்குள்ளே இருக்கும் சூட்டை எடுத்து வெளியே துப்புவதுதான் அவற்றின் வேலை. உள்ளே இருப்பவர்களுக்குக் குளிர், எனக்கு அந்தச் சூடு. இப்போது மாரி, பரவாயில்லை.

அரிசி விளையாத நாடு இது. ஆனாலும் ஒவ்வொரு நாளும் நான் ஒரு பானைச் சோற்றைக் குப்பையில் கொட்டுகிறேன். கொட்டும்போது பிஸ்மி சொல்வதா, பிழை பொறுக்கக் கேட்டுத் தவ்பாச் செய்வதா என்று தெரியவில்லை.

விதைப்பு எப்படி? மழை வந்ததா? எல்லாவற்றையும் எழுது.

அப்ப, வரட்டே.

ஜெமீலா

*

செட்டிகுளம்
14.12.1997

அன்புள்ள ராத்தா,

உங்களுக்குச் சாந்தி உண்டாகட்டும். எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை.

மழை வந்துவிட்டது, ராத்தா. கொஞ்சம் கூடுதலாகவே வந்துவிட்டது. குளக்கட்டு ஓரிடத்தில் கரைந்தது. வயலில் கொஞ்சம் சேதம். கவலைப்பட ஒன்றுமில்லை என்று உம்மா எழுதச் சொல்கிறார். வாப்பாவும் வீரகத்தி ஐயாவும் மற்றவர்களோடு சேர்ந்து மண்மூட்டை அடுக்கினார்கள்.

எங்கள் பக்கம் தண்ணீரை உறிஞ்ச லொறி வரவில்லை என்று வாப்பா பகிடி விட்டார்.

நோன்பு வருகிறது. உங்கள் பேரீச்சம்பழம் இருக்கிறது. இப்போதைக்கு இவ்வளவுதான்.

ஸுல்பா

*

குவைத்
08.01.1998

அன்புத் தங்கைக்கு,

நோன்பின் பறக்கத் உங்கள் எல்லோருக்கும் கிடைக்கட்டும். நான் ஒரு நோன்பும் விடவில்லை. சேதம் கொஞ்சம்தான் என்று கேட்டு மனது ஆறியது. அல்ஹம்துலில்லாஹ்.

போன மாதம் ஜப்பானில் எல்லா நாட்டுக்காரரும் கூடிப் பேசினார்களாம். ரீவியில் காட்டினார்கள். உலகம் சூடாகிறது, எண்ணெயும் நிலக்கரியும் எரித்த புகைதான் காரணம், எரிப்பதைக் குறைக்க வேண்டும் என்று பேச்சாம். இந்த வீட்டுக்காரர் எண்ணெய்க் கம்பனியில் பெரிய ஆள். அவரை 'பாபா' என்றுதான் நாங்கள் கூப்பிட வேண்டும். பாபாவுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "அவையள் வாங்காட்டி நாங்கள் ஆருக்கு விக்கிறது?" என்று சத்தம் போட்டாராம். மலையாளத்து டிரைவர்தான் எனக்கு விளங்கப்படுத்தினான். "பாபா பயப்பட வேண்டாம் ராத்தா, வாங்கிறவன் வாங்கிக்கொண்டே இருப்பான். மழை மாறிப் பெய்தால் நனையிறது என்ர ஊரும் உங்கட ஊரும்தான்" என்றான். சூடு என்றால் மாடியில் இருக்கிற என்னைக் கேட்டிருக்கலாமே என்று நினைத்துக்கொண்டேன்.

பங்குனியோடு எனக்கு இரண்டு வருடம் முடிகிறது. மேடம் ஒரு தாளை ஃபிரிட்ஜுக்கு மேலே வைத்திருக்கிறார். என் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறது. மாசி முடியும்வரை அது அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

கால் கொஞ்சம் வீங்குகிறது. உம்மாவுக்கு வாசிக்க வேண்டாம்.

அப்ப, வரட்டே?

ஜெமீலா

*

இந்தக் கடிதம் பெருநாளுக்கு இரண்டு நாள் முன்னால் வந்தது.

அதற்கு முதல்நாள்தான் மஸாஹிர் நானா வாப்பாவோடு முற்றத்தில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தார். குசினி யன்னலால் எனக்குக் கேட்டது. "மூத்தவ வந்தா என்ன, சின்னவள் போகட்டும். வயசை நான் பாத்துக்கொள்ளுறன். இந்த வயலை நம்பி இனி இருக்கேலாது" என்றார். வாப்பா "ம்" என்றார். அந்த "ம்" ஓமா இல்லையா என்று எனக்கு விளங்கவில்லை. பதினாறு வயதில் செட்டிகுளம் கடைக்குத் தனியாகப் போய் ஒரு பெட்டி நெருப்புக்குச்சி கேட்க வாய் வராதவள் நான்.

கடிதத்தை உம்மாவின் பக்கத்தில் இருந்து வாசித்தேன். காலைப் பற்றிய வரியை ராத்தா சொன்னபடி விட்டேன். தாளைப் பற்றி வந்ததும் உம்மா, "அதென்ன தாளாம்?" என்று கேட்டார்.

"தெரியாது உம்மா. வீட்டுக் கடுதாசியாக்கும்."

பிறகு கடைசி வரி. கேள்விக்குறிக்குச் சத்தம் இல்லை. வாசிக்கிறவள்தான் கொடுக்க வேண்டும். நான் வழக்கம் போல, வாசலில் நின்று சொல்வது போல, குரலைக் கீழே இறக்கி "அப்ப, வரட்டே" என்றேன்.

உம்மா வழக்கம் போலக் கையை முன்னால் நீட்டி, காற்றுக்குச் சொன்னார்: "ஓம் மகள், போயிட்டு வா."

*

செட்டிகுளம்
02.02.1998

அன்புள்ள ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் தொழுகை முடிந்தது. உங்களை நினைத்துக்கொண்டுதான் சாப்பிட்டோம்.

போன கடிதத்தில் 'கொஞ்சம் சேதம்' என்று எழுதினேன். அது உம்மாவின் சொல். உண்மையை இப்போது எழுதுகிறேன். கார்த்திகையில் ஐந்து நாள் விடாமல் பெய்தது. குளக்கட்டு நூற்றிருபது அடி நீளத்துக்கு உடைந்து போனது. நம்முடைய மூன்று ஏக்கரிலும் முழங்கால் அளவுக்கு மணல். பயிர் எங்கே இருந்தது என்று காட்ட வரம்புகூட இல்லை. கட்டு உடைந்ததால் குளத்தில் தண்ணீர் நிற்கவில்லை. அதனால் கோடையில் விதைக்கிற சிறுபோகமும் இல்லை.

ஊரெல்லாம் நெல் போய்விட்டது என்று கடைகளுக்குக் கப்பல் அரிசி வந்திருக்கிறது. அரிசி விதைக்கிற நாங்கள் பெருநாளைக்குக் கப்பல் அரிசி வாங்கி ஆக்கினோம். நாங்கள் உங்கள் பெயரைச் சொன்ன பிறகுதான் கடைக்காரர் கடனுக்குத் தந்தார். "மகள் குவைத்தில தானே, பயமில்லை" என்றார். ராத்தா, இந்த வருடம் எங்கள் வீட்டில் மழை அழிக்காமல் விட்டது உங்களை மட்டும்தான்.

உங்கள் கடிதத்தை உம்மாவுக்கு வாசித்தேன். உம்மா உங்களுக்குச் சொல்லச் சொன்னது: "ஓம் மகள், போயிட்டு வா."

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸுல்பா

*

இதில் பொய் ஒன்றும் இல்லை. உம்மா சொன்னதை ஓர் எழுத்தும் மாற்றாமல் எழுதினேன். வயலில் நடந்ததையும் அப்படியே எழுதினேன். உண்மையை எடுத்துத்தான் ராத்தாவைக் கட்டிப்போட்டேன்.

*

குவைத்
10.03.1998

அன்புத் தங்கைக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உன் கடிதம் கிடைத்தது. நான் சுகம்.

உம்மா சொன்னது விளங்கியது. தாளில் கையெழுத்து வைத்துவிட்டேன். இன்னும் இரண்டு வருடம்.

வயலைப் பற்றி வாசித்துவிட்டு அன்றைக்கு முழுக்க ஒரே நினைவு. அந்த டிரைவர் சொன்னது உண்மை என்றால், நம்முடைய வயலில் மணல் போட்டது இந்த மாதிரி வீடுகளின் சூடும் புகையும்தான். இந்த வீட்டில் காலை ஐந்து மணிக்கு எழும்பி, ஆளில்லாத விருந்தாளி அறைக்கும் சேர்த்து, பதினொரு ஏசியையும் போடுவது யார்? நான்தான். என்னுடைய விரல்தான். வேண்டாம் என்று இருக்க முடியுமா? அந்த விரலுக்குத்தானே சம்பளம். அந்தச் சம்பளத்தில்தானே நீங்கள் அரிசி வாங்குகிறீர்கள். எங்கே போய் யாரைக் குறை சொல்ல?

வாப்பாவிடம் மண்மூட்டை தூக்க வேண்டாம் என்று சொல்.

இருக்கிறேன்.

ஜெமீலா

*

இந்தக் கடிதத்தையும் உம்மாவுக்கு வாசித்தேன். தாள் வரும் இடத்தையும் இரண்டு வருடம் வரும் இடத்தையும் தாண்டிப் போனேன். விரலைப் பற்றியதையும் விட்டேன். மிஞ்சியது நான்கு வரி. வாசித்து நிறுத்தினேன். உம்மா கையை நீட்டுவதற்குத் தயாராக என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடிதத்தில் அது இல்லை. நானே சொன்னேன்: "அப்ப, வரட்டே."

"ஓம் மகள், போயிட்டு வா" என்றார் உம்மா. பிறகு, "இந்த முறை என்னடி, வேளைக்கு முடிச்சிட்டாள்?" என்றார்.

*

செட்டிகுளம்
19.04.1998

அன்புள்ள ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். ஹஜ்ஜுப் பெருநாளும் போய்விட்டது. நீங்கள் நலமாக இருக்க துஆச் செய்கிறோம். கால் வீக்கம் எப்படி?

தை மாதத்துக்குப் பிறகு ஒரு துளி மழை இல்லை. அன்றைக்கு வெள்ளம் போன வாய்க்காலில் இன்றைக்கு நிலம் வெடித்துக் கிடக்கிறது. கிணற்றின் அடி தெரிகிறது. வாப்பா வீட்டுப் பின்னால் பத்துப் பாத்தி மிளகாய் போட்டார். தண்ணீர் இறைக்கிற மெஷினுக்கு மண்ணெண்ணெய் வேண்டும். ஒரு போத்தலைப் பிடித்துப் பிடித்து ஊற்றுகிறோம். ஒருவேளை அது உங்கள் பாபாவின் எண்ணெயாக இருக்கலாம். அதில் எங்களுடைய பங்கு ஒரு கிழமைக்கு ஒரு போத்தல்.

வீரகத்தி ஐயாவுடைய மேட்டு வயல் மட்டும் தப்பியது. பன்னிரண்டு மூட்டை அறுத்தார். நனைந்து கறுத்த நெல்தான், ஆனாலும் நெல். லான்ட்மாஸ்டர் உழவு மெஷினில் ஏற்றி, சோதனைச் சாவடியில் ஒவ்வொரு மூட்டையாக இறக்கிக் குத்திக் காட்டி, வவுனியாவுக்குக் கொண்டுபோனார். அங்கே அரிசிக்கடை முதலாளி முகட்டைத் தொடும் அளவுக்கு அடுக்கியிருந்த கப்பல் அரிசியைக் காட்டி, "ஐயா, இதை விட்டிட்டு உந்தக் கரியை ஆர் வாங்கிறது?" என்றாராம். பன்னிரண்டும் திரும்பி வந்தன. ஐயா எங்கள் வாசலில் நிறுத்தி ஒரு மூட்டையை இறக்கிவிட்டு, "மழை என்ர நெல்லை விட்டிட்டுப் போச்சு பிள்ளை. கப்பல் விடேல்ல" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மூட்டைக்கு என்ன தருவது என்று வாப்பா கேட்டதும்தான் சிரிப்புப் போனது. "அடி வாங்குவாய்" என்றார்.

வாப்பா இப்போது குளக்கட்டு வேலைக்குப் போகிறார்.

மஸாஹிர் நானா பிறகு வரவில்லை.

ராத்தா, உங்களிடம் ஒன்று எழுத வேண்டும். அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

ஸுல்பா

*

செட்டிகுளம்
07.06.1998

அன்புள்ள ராத்தா,

ஸலாம். நான் எழுதி ஏழு கிழமையாகியும் உங்கள் கடிதம் இல்லை. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் உம்மா எழும்பி வாசலுக்கு வருகிறார். அவர் ஒழுங்கையால் திரும்பிப் போனால் என்னைப் பார்க்கிறார், நான் ஒளித்து வைத்திருப்பது போல.

இங்கே எல்லோரும் சுகம். நீங்கள் சுகம் என்று ஒரு வரி எழுதுங்கள். ஒரு வரி போதும்.

ஸுல்பா

*

குவைத்
28.06.1998

அன்புத் தங்கைக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். எழுதாமல் இருந்ததற்குக் கோபிக்காதே. விரல் பேனா பிடிக்க மறுத்தது. இப்போது பிடிக்கிறது, பார்.

இந்த வருடக் கோடை மற்ற வருடம் போல இல்லை என்று இங்கே பிறந்தவர்களே சொல்கிறார்கள். குழாயைத் திறந்தால் கொதிநீர். பகல் முழுக்க வெயில் சுட்ட கொங்கிரீட்டுக்குள் என் அறை. மத்தியானம் மேடம் எல்லா அறைக்கும் ஏசியைக் கூட்டச் சொன்னார். கூட்டிவிட்டு, உடுப்புக் காயப்போட மாடிக்கு வந்தேன். பதினொரு பெட்டியும் என் முகத்தில் ஊதின. பிறகு எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. டிரைவர்தான் தூக்கிக்கொண்டு போனானாம். ஆஸ்பத்திரியில் ஐந்து நாள். சிறுநீரகத்தில் பிழையாம், உடம்புக்குத் தண்ணீர் போதாதாம். இப்போது சமையலறையில் படுக்கவிடுகிறார்கள். உம்மாவுக்கு வாசிக்க வேண்டாம்.

மேடம் கெட்டவர் இல்லை. என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "உன் வீட்டில் இருந்து கூப்பிட்டால் சொல்லு, தாளைக் கிழித்துப்போட்டு அனுப்புகிறேன். கூப்பிடாவிட்டால் எழும்பி வேலையைப் பார்" என்றார்.

எங்கள் வீட்டில் கூப்பிட மாட்டார்கள் என்று நானே சொல்லிவிட்டேன்.

அதற்காக மனம் வருந்தாதே. குளம் உடைந்த வீட்டில் யார் யாரைக் கூப்பிடுவது? நீ சின்னப் பிள்ளை. நீ எழுதியதெல்லாம் உண்மை. எனக்குத் தெரியும்.

ஏதோ எழுத வேண்டும் என்றாயே, என்ன அது?

இருக்கிறேன்.

ஜெமீலா

*

இந்தக் கடிதம் ஜூலை பதினேழாம் தேதி, வெள்ளிக்கிழமை வந்தது. வாப்பா ஜும்ஆவுக்குப் போயிருந்தார். உம்மா ஒட்டகத் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு, "வாசி" என்றார்.

நான் அதை வாசிக்கவில்லை. தகரப் பெட்டியைத் திறந்து, கேள்விக்குறி இருந்த தை மாதக் கடிதத்தை எடுத்து வந்தேன். பக்கத்தில் இருந்து முதல் வரியிலிருந்து வாசித்தேன். காலை விடவில்லை. தாளுக்கு வந்ததும், அது இன்னும் இரண்டு வருடம் அங்கே வேலை செய்வதற்கான ஒப்பந்தம் என்றும் சொன்னேன். கடைசி வரியில் குரலை மேலே தூக்கினேன்.

"அப்ப, வரட்டே?"

உம்மாவின் கை பாதி நீண்டு நின்றது.

"இதென்ன, கேட்டிருக்கிறாளோ?"

"ஓம் உம்மா."

"நான் என்ன சொன்னனான்?"

"போயிட்டு வா எண்டு."

"அதை எழுதினனியோ?"

"ஓம். அப்பிடியே எழுதினன்." கடிதத்தை மடித்தேன். "ராத்தா வந்தா மஸாஹிர் நானா என்னைக் கூட்டிக்கொண்டு போயிடுவார் எண்டு பயந்திட்டன் உம்மா."

உம்மா என்னை அடிக்கவில்லை. அழவும் இல்லை. தலையணையைத் தட்டித் தட்டி நேராக்கினார்.

"எனக்கு வாசிக்கத் தெரியாது" என்றார். "உனக்குத் தெரியும்."

பிறகு நான் புதுக் கடிதத்தையும் ஒரு வரி விடாமல் வாசித்தேன். ஆஸ்பத்திரி வந்த இடத்தில் உம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். நிறுத்தினேன். "நிப்பாட்டாத" என்றார்.

வாப்பா வரும்வரை காத்திருக்க முடியவில்லை. கடிதம் போய்ச் சேர மூன்று கிழமை ஆகும். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, வாப்பாவின் சைக்கிளை உருட்டிக்கொண்டு தனியாக வீதிக்கு வந்தேன். தபாற்கந்தோரில் ஐந்தாறு ஆண்கள் நின்றார்கள். சுவரோடு ஒட்டி நின்றேன். எல்லோரும் போன பிறகும் நின்றேன். கந்தோரைப் பார்த்துக்கொள்ளும் தவராசா ஐயா கண்ணாடியை மூக்கில் இறக்கி, "என்ன பிள்ளை, சுவருக்கு முட்டுக்குடுக்கிறியோ?" என்றார்.

"தந்தி" என்றேன்.

"என்னது?"

"குவைத்துக்குத் தந்தி."

விலாசம் இருந்த பழைய உறையைக் கொடுத்தேன். அவர் ஒரு படிவத்தில் அதைப் பார்த்து எழுதினார். "சொல்லுக்கு இவ்வளவு எண்டு கணக்குப் பிள்ளை, சுருக்கமாச் சொல்லு. இங்கிலீஸ் எழுத்திலதான் போகும். எத்தினை சொல்லு?"

"ஒண்டு."

"சொல்லு."

சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. கையைக் காதில் வைத்தார்.

"வாங்கோ" என்றேன்.

"எங்க? உள்ளுக்க இருந்துதானே எழுதுறன்" என்றார் தவராசா ஐயா. "நான் ஏன் வெளியில வர?"

வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். நான் சுவரை விட்டு வந்து, அவருடைய மேசையில் இரண்டு கையையும் ஊன்றி, வெளியே நிற்பவர்களுக்கும் கேட்க, இன்னொரு முறை சொன்னேன்.

"உங்களை இல்லை ஐயா. என்ர ராத்தாவை. 'வாங்கோ' எண்டு எழுதுங்கோ."